துவக்குக்குச் சட்டை தைக்கிறவர்

அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து, இல்லாத சப்பாத்து நாடாவை முடிந்துகொண்டிருக்கிறார் குணரத்தினம். கீழே வெறுங்கால், மேலே முதலாளி கொடுத்த பழைய கோட்டு. பிறகு நிமிர்ந்து, உயரத் தட்டில் இல்லாத போத்தல் ஒன்றை எட்டி எடுக்கிறார். கதிரையில் இருந்து எழும்புகிறார். ஒவ்வொரு தடவையும் ஓரக்கண்ணால் தன் வலது இடுப்பைப் பார்க்கிறார். அந்த இடத்தில் கோட்டு துருத்தக் கூடாது. துருத்தினால் உள்ளே இருப்பது என்னவென்று இத்தாலியின் இந்தப் பலெர்மோவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

உள்ளே இருப்பது மரந்தான். சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் மச்சான் கொண்டுவந்து போட்ட கட்டையைச் செதுக்கிச் செதுக்கி, குட்டை ரிவோல்வர் ஒன்றாக ஆக்கி, கறுப்பும் பூசி வைத்திருக்கிறார். அசல், பொலிதேயாமாப் பக்கம் நகைக்கடை வைத்திருக்கும் முதலாளி சிஞ்ஞோர் காலோஜெரோவுடையது. அவருக்கு அதை வைத்திருக்க லைசன்ஸ் இருக்கிறது. குணரத்தினத்துக்கு இல்லை. ஆகையால் அசலை அவர் இன்றுவரை விரலாலும் தொட்டதில்லை. முதலாளிதான் அதைத் தாளில் படுக்க வைத்துச் சுற்றிவரப் பென்சிலால் கோடு இழுத்துக் கொடுத்தார்.

துப்பாக்கிக்குத் தோல் உறை தைக்கும் இந்தத் தொழில் அவரைத் தேடி வந்த கதை சின்னது. அவர் அந்தக் கடையைக் கூட்டித் துடைக்கிறவர். பின்னேரங்களில் முதலாளி ஒரு பக்கமாகச் சரிந்து நடப்பதைக் கண்டு, வயிற்றுக்குத்தோ என்று கேட்டார். முதலாளி சட்டையைத் தூக்கிக் காட்டினார். கடையில் வாங்கிய துப்பாக்கி உறை இடுப்பெலும்பில் உரசித் தோலே வழன்று போயிருந்தது. அறுந்த கைப்பைக்கு வார் தைத்துப் பழகியிருந்த குணரத்தினம், "தாருங்கோ, பாப்பம்" என்ற குரலில் ஓர் இத்தாலியச் சொல்லைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். முதல் உறை இறுகிப்போய்த் துப்பாக்கி வெளியே வரவில்லை. இரண்டாவது, குனிந்தால் துப்பாக்கியைக் கீழே போட்டது. மூன்றாவதோடு முதலாளி நேராக நடக்கத் தொடங்கினார்.

தோலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, மரத் துவக்கின் மேல் போர்த்தி, கரண்டியின் முதுகால் மணித்தியாலக் கணக்கில் அழுத்துவார். காய்ந்த பிறகு தோல் அந்த உருவத்தை விடாது. இரண்டு ஊசிகளை எதிரும் புதிருமாக ஓட்டித் தைப்பார். ஓரத்தில் தேன்மெழுகைத் தேய்த்துத் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். கன்னத்தை உறுத்தாதது இடுப்பையும் உறுத்தாது என்பது அவர் கணக்கு. இவ்வளவும் குசினி மேசையில் நடக்கும், வெள்ளிக்கிழமை தவிர. வெள்ளிக்கிழமையில் மாட்டுத்தோல் குசினிக்குள் வந்தால் தோலும் வெளியே, அவரும் வெளியே என்று மனைவி சந்திரமதி சட்டம் போட்டிருக்கிறார்.

"அங்கை துவக்கைக் கண்டு ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து அதுக்குச் சட்டை தைச்சுப் போடுறியள்" என்பார் சந்திரமதி.

"துவக்குக்கு இல்லையப்பா, மனுசன்ரை இடுப்புக்கு. நீர் சும்மா இரும்."

கேட்கிற எல்லாருக்கும் தைத்துக் கொடுக்க மாட்டார். "முதல்லை லைசன்ஸைக் காட்டுங்கோ" என்பார். அது இல்லாத ஆட்களும் அவர் குடியிருக்கும் கால்சாப் பகுதியில் உண்டு. மோட்டார்சைக்கிளை நிற்பாட்டிவிட்டுச் சிரித்துச் சிரித்து வந்து கேட்பார்கள். அவர்களுக்கென்றே இரண்டு நாய்ப்பட்டி தைத்துக் கதவடியில் தொங்கவிட்டிருக்கிறார். "நான் இதுதான் செய்யிறனான்" என்று எடுத்து நீட்டுவார். ஒருவர் ஏமாந்து வாங்கியும் போயிருக்கிறார்.

போன ஐப்பசியில் ஆள் வழக்கத்தைவிடப் பயந்தவராகத் திரிந்தார். இருபது வருசத்துக்கு மேல் பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்து அலைந்த மனிதருக்கு, கடைசியில் குடியுரிமைக்கு ஓம் என்று பதில் வந்திருந்தது. அடுத்த கிழமை கொமூனே என்கிற நகரசபையில் சத்தியம் எடுத்தால் முடிந்தது. அதற்கு முன்னம் ஒரு வழக்கு, ஒரு முறைப்பாடு வந்தாலும் எல்லாம் நின்றுவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பச்சை விளக்கு எரியாமல் தெருவைக் கடக்க மாட்டேன் என்று நின்றார். பலெர்மோவில் அப்படி நின்றவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார், பாவம்.

அந்தக் கிழமையில்தான் ஆயுதபூசை வந்தது. சரசுவதி படத்துக்கு முன்னால் மகள் அபிதாவின் தாதிமார் படிப்புப் புத்தகங்கள், சந்திரமதியின் அயன்பெட்டி, குணரத்தினத்தின் குத்தூசி, கத்தி, கரண்டி எல்லாம் வரிசையாக இருந்தன. தொழிலுக்கு உதவுகிறது எதையும் விடக் கூடாதே. நடுவில் மரத் துவக்கையும் வைத்து, தாராளமாகச் சந்தனமும் குங்குமமும் பூசினார் மனுசன். அபிதா படம் எடுத்துத் தன் வாட்ஸ்அப்பில் போட்டாள். மேல்மாடியில் இருக்கும் சிஞ்ஞோரா அதைப் பார்த்தார். அவர் கண்ணில் பட்டது கத்தியும், இரத்தம் வழிகிற துப்பாக்கியும். பொலிசுக்குப் போன் அடித்துவிட்டார்.

கற்பூரம் அணைவதற்குள் இரண்டு பொலிசார் வாசலில் நின்றார்கள். மூத்தவர் பெண். படத்தடியைப் பார்த்ததும் அவருடைய கை இடுப்புக்குப் போனது. யாரும் அசைய வேண்டாம் என்றார். பிறகு, அது மரமா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினார் குணரத்தினம். "அப்படியானால் மெதுவாக எடுத்து என்னிடம் தாருங்கள்."

பூசைக்கு வைத்த ஆயுதத்தை விடியும்வரை எடுக்கக் கூடாது. எங்கள் வீடுகளில் பென்சிலைக்கூட எடுக்க விடமாட்டார்கள். வேறு எந்த மனிதனும் அந்த நேரத்தில் அதை மறந்திருப்பான். குணரத்தினத்துக்கு மறக்கவில்லை.

"இன்றைக்கு முடியாது" என்றார் இத்தாலிய மொழியில். "நாளைக்குக் காலையில் வாருங்கள், தருகிறேன்."

அந்தப் பெண்ணின் முகம் கல்லாகிப் போனது. அபிதா அழத் தொடங்கினாள். சொன்னது அவர்கள் காதில் எப்படிக் கேட்டிருக்கும் என்று குணரத்தினத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சத்தியமும் போச்சு, சீவியமும் போச்சு என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமைச் சட்டம் போட்ட அதே சந்திரமதி, "தாயே, குறை நினையாதை" என்று முணுமுணுத்துக்கொண்டு, இரண்டு விரலால் அந்தத் துவக்கை எடுத்தார். குழல் தன் பக்கமாக இருக்க, கதவு நிலையில் அதை இரண்டு தரம் தட்டினார். டொக், டொக். மரக் கரண்டிக் காம்பின் சத்தம்.

அதிகாரி வாங்கிப் பார்த்தார். புரட்டினார். குங்குமம் பட்ட விரலை மூக்கடியில் கொண்டுபோனார். சுட வழியில்லாத, துளை இல்லாத குழலைப் பார்த்தார். பிறகு, அது யாருடைய துவக்கைப் பார்த்துச் செதுக்கியது என்று அபிதா சொல்ல, சிஞ்ஞோர் காலோஜெரோவுக்குத் தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் அந்த மனிதர் போட்ட சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. தன் இடுப்பைக் காப்பாற்றிய ஆளை யார் தொந்தரவு செய்வது என்று கேட்டார். கூட வந்த பொலிஸ்காரர் சிரித்தே விட்டார்.

"என் குடியுரிமைச் சத்தியம்..." என்று இழுத்தார் குணரத்தினம்.

"எழுத இங்கே ஒன்றும் இல்லை. நல்ல கோட்டாகப் போட்டுக்கொண்டு போங்கள். இதைத் தெருவுக்குக் கொண்டுபோகாதீர்கள். படமும் போடாதீர்கள்" என்றார் அதிகாரி. சந்திரமதி கொடுத்த அவலை உள்ளங்கையில் வாங்கி, படியிறங்கும்போதே வாயில் போட்டுக்கொண்டார்.

கதவைச் சாத்தியதும் வீட்டில் மூவருக்கும் மூச்சு வந்தது. அப்பாடா என்று நிலத்தில் இருந்துவிட்டார் குணரத்தினம். சந்திரமதி துவக்கைத் திரும்பப் படத்தடியில் வைத்தார். பிடித்த இடத்தில் பொட்டு அழிந்திருந்தது. விரலில் சந்தனத்தைத் தொட்டு வைக்கப் போனார். பொலிசுக்கு முன்னால் ஆடாத கை இப்போது பதறிப் பதறி, பொட்டு இடத்துக்குப் போகவில்லை. குணரத்தினம் எழும்பி வந்து, அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.