சம்பந்திக்குக் காட்டிய காடும் கடலும்

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. காலை 6.10 மணிக்குச் சென்னைப் புறநகரான முடிச்சூரில் எங்கள் வீட்டிலிருந்து நானும் என் சம்பந்தி வேலுச்சாமியும் கிளம்பினோம்.

'பொருள்:' என்று ஒன்று எழுதாமல் கோப்பைத் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே பயணத்தின் நோக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலுச்சாமி வனத்துறையில் வனவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மசினகுடியில் தனியாக இருக்கிறார். போன மழைக்காலத்தில் மூன்று நாள் காய்ச்சலில் எழுந்து கதவைத் திறக்கக்கூட முடியாமல் கிடந்திருக்கிறார். அதை ஒரு மாதம் கழித்துத்தான் மகளிடம் சொன்னார். மகள் நித்யா, அதாவது என் மருமகள், அன்றிலிருந்து ஒரே பிடியாக நிற்கிறாள்: அப்பா இங்கேயே வந்துவிட வேண்டும். அவர் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார். "உங்க ஊர்ல பாக்கறதுக்கு என்னம்மா இருக்குது? எதுத்த அபார்ட்மென்ட்ல காயற துணிதான்."

இப்போது மகளைப் பார்க்க வந்திருந்தவருக்கு வெள்ளிக்கிழமை திரும்பிப் போக ரயில். "மாமா, ஒரே ஒரு நாள் வெளியே கூட்டிட்டுப் போங்க. நீங்கதான் எதையும் முறைப்படி முடிப்பீங்களே" என்றாள் நித்யா. அது பாராட்டா, குத்தலா என்று நான் ஆராயவில்லை. கருவூலத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான். பையில் தண்ணீர், தொப்பி, பறவைப் பட்டியல் ஆகியவற்றோடு ஒரு விண்ணப்பத்தையும் வைத்தேன். வேலுச்சாமியின் ஓய்வூதியத்தை நீலகிரியிலிருந்து செங்கல்பட்டு மாவட்டத்துக்கு மாற்றக் கோரும் விண்ணப்பம். எல்லாப் பத்திகளும் நிரப்பியாயிற்று. கையெழுத்து மட்டும் பாக்கி.

தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். வழியில் எங்கள் பகுதியின் இயற்கை வளம் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். 2015 வெள்ளத்தில் படகு சவாரிக்கு நாங்கள் தெருவைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

6.45. கோவளம் வழியாகப் போகும் பஸ். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய், தூரம் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். வண்டலூரில் இடப்பக்கம் திரும்பியதும் காடு தொடங்குகிறது. விலங்குக் காட்சிசாலை என் திட்டத்தில் இல்லை. வாழ்நாளெல்லாம் காட்டில் புலி பார்த்தவரைக் கூண்டின் முன் நிறுத்தினால் வெள்ளிக்கிழமை ரயிலை அன்றைக்கே பிடித்துவிடுவார். அதனால் சாலையோரக் காட்டை மட்டும் சுட்டிக்காட்டினேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார். "என்னங்க சம்பந்தி, காட்டுக்குச் சுத்துச்சுவர் வெச்சிருக்கீங்க?"

"பாதுகாப்புக்கு."

"யாருகிட்ட இருந்து யாருக்குங்க?"

பதில் சொல்லும் முன் காடு முடிந்து மனைப்பிரிவு விளம்பரங்கள் வந்துவிட்டன. ஒரு பலகையில் மான் படம் போட்டு 'இயற்கையின் மடியில்' என்று எழுதியிருந்தது. அன்று வழியில் நாங்கள் பார்த்த ஒரே மான் அதுதான். அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குக் கவலையாக இருந்தது.

7.50. கேளம்பாக்கம் தாண்டிக் கோவளம் சாலையில் உப்பங்கழியின் குறுக்கே ஒரு பாலம் இருக்கிறது. அங்கே இறங்க வேண்டும் என்றேன். அங்கே ஸ்டாப் இல்லை என்றார் கண்டக்டர். ஸ்டாப் என்பதன் இலக்கணத்தை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது வேலுச்சாமி எழுந்து முன்னால் போய், டிரைவரிடம் "அண்ணா, கொஞ்சம் பறவை பாக்கோணுங்க" என்றார். பஸ் நின்றுவிட்டது.

"இங்க இன்னா சார் பறவ கீது? பத்து வருசமா இந்த ரூட்ல ஓட்டுறேன், எனக்குத் தெர்லியே" என்று டிரைவரும் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

என் பட்டியலின் முதல் வரி பூநாரை. தை, மாசியில் கூட்டம் கூட்டமாக வரும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அன்று ஒன்றுகூட இல்லை. நெடுங்கால் உள்ளான்கள் நாற்பது இருக்கும், கூழைக்கடா மூன்று. இரண்டு கொக்குகளையும் நான் கணக்கில் சேர்த்தேன். அவற்றில் ஒன்று பிளாஸ்டிக் பை என்று வேலுச்சாமி பணிவாகத் திருத்தினார்.

பிறகு அவர் கரைச் சேற்றில் குந்தி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கால் வலியோ என்று பயந்து போய்ப் பார்த்தேன். சேற்றில் சின்னச் சின்னக் கால்தடங்கள்.

"நாய்தானே?" என்றேன்.

"நரிங்க. ரெண்டு. விடியறதுக்கு முன்னால வந்திருக்குது. இதுல ஒண்ணு பின்னங்கால நொண்டுது பாருங்க."

தாம்பரம் பக்கம் குடிவந்து முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. பட்டா முதல் பாதாளச் சாக்கடை வரை இந்த வட்டாரத்தில் எந்த விண்ணப்பம் எந்த மேசையில் தூங்கும் என்று எனக்குத் தெரியும். நரி இருப்பது தெரியாது. அதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

9.15. கோவளத்துக்கு அப்பால் ஒரு மீனவர் குப்பம். இட்லி நான்கு முப்பது ரூபாய். சட்னி இரண்டு வகை, இரண்டிலும் காரம் ஒன்றே. கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அரை வட்டமாகக் கடலில் விட்ட வலையின் இரண்டு கயிற்றையும் கரையிலிருந்து ஆட்கள் வரிசையாக நின்று இழுத்து வருவார்கள். ஒரு வரிசையில் ஆறு பேர்தான் இருந்தார்கள். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

ஒரு புகைப்படம் எடுத்து நித்யாவுக்கு அனுப்பலாம் என்று வேலுச்சாமியைக் கயிற்றைப் பிடிக்கச் சொன்னேன். எடுத்தாயிற்று. அவர் கையை எடுக்கப் போனார். வரிசையில் நின்ற தேசம்மா என்ற அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா பெர்சு, எங்க போற? கவுத்தத் தொட்டவங்க வல கரைக்கு வர்ற வரைக்கும் வுடக் கூடாது. தெரியாதா?"

எனக்கும் தெரியாது. அதற்குப் படிவம் கிடையாது. "உங்களுக்குந்தான் சார், போனை உள்ள வெச்சுட்டு வந்து இழுங்க" என்று எனக்கும் உத்தரவு வந்தது. மரியாதை கொஞ்சம் கூடுதல்; சட்டைப்பையில் பேனா இருந்ததால் இருக்கலாம்.

ஒரு மணி நேரம் இழுத்தோம். என் பங்களிப்பு பெரும்பாலும் முனகல். வேலுச்சாமியோ பத்து நிமிடத்தில் கயிற்றை இடுப்புக்குக் கொடுத்துப் பின்னால் சாயக் கற்றுக்கொண்டுவிட்டார். "முன்ன எங்க வேல பாத்த?" என்று தேசம்மா விசாரித்தார். யானை விரட்டும் வேலை என்றதும் வரிசை முழுக்கச் சிரிப்பு. "அப்ப இந்தப் பக்கம் நில்லு. எங்கூட்டுக்காரரு நின்ன எடம் அது. ரெண்டு வருசமா காலியா கீது."

வலை மடி கரைக்கு வந்தபோது உள்ளே நெத்திலி, காரப்பொடி மீன்கள், இவற்றோடு முறம் அளவுக்கு ஒரு பங்குனி ஆமை. முன்துடுப்பில் வலைக்கண்ணி இறுகியிருந்தது. இது வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணை ஒன்றில் வரும் உயிரினம், வனத்துறைக்கு முதலில் தகவல் தர வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் வேலுச்சாமி மண்டியிட்டு ஆமையின் தலையைத் துண்டால் மூடிவிட்டார். தேசம்மா கண்ணியை அறுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குப் போய் இறக்கி விட்டார்கள். நான் சட்டப்பிரிவைச் சொல்லி முடித்தபோது ஆமை வங்காள விரிகுடாவில் கணிசமான தூரம் போயிருந்தது.

கரைக்கு வந்த வேலுச்சாமி முழங்கால் வரை மணலோடு கடலைப் பார்த்துக்கொண்டே நின்றார். தேசம்மா மீனைக் கூறு போட்டு, ஒரு கூற்றைப் பனையோலையில் வைத்து அவரிடம் நீட்டினார். அவர் பணத்தை எடுத்தார்.

"தே, காச உள்ள வை. இது பங்கு. புதனும் சனியும் வல போடுவோம். ஆளு பத்தல, பாத்தல்ல? வந்துடு."

12.40. திரும்பும் பஸ். எங்கள் மீன் வாடையைக் கருதி, முன்னும் பின்னும் இரண்டு வரிசை பெருந்தன்மையோடு காலி செய்யப்பட்டது. கேளம்பாக்கம், மாம்பாக்கம் எல்லாம் தாண்டினோம். காட்டின் சுற்றுச்சுவர் வந்ததும் ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டு வேலுச்சாமி கேட்டார்:

"ஏனுங்க சம்பந்தி, பென்ஷனை இந்தப் பக்கம் மாத்தோணும்னா எத்தனை நாள் ஆகுங்க?"

பணியில் இருந்தபோது இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் கால் மணி நேரத்துக்குக் குறைந்ததில்லை. அன்று, "ஆகும், பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

2.05-க்கு வீடு. எங்கே வாங்கினீங்கப்பா என்று நித்யா ஓலையைப் பிரித்தாள். "வாங்கலம்மா, பங்கு" என்றார் வேலுச்சாமி. சாப்பாட்டு மேசையில் விண்ணப்பத்தை விரித்தேன். நித்யா பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, நகராமல் பக்கத்திலேயே நின்றாள். அவருடைய வலது உள்ளங்கை முழுக்கக் கயிறு உரசிய கொப்புளம். பேனாவைப் பிடிக்க முடியாமல் பிடித்துப் போட்ட கையெழுத்து ஒரு கோணல் கோடாக ஓடிப் பத்திக்கு வெளியே போய் நின்றது.

அவருடைய ஓய்வூதியப் புத்தகத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட ஒத்துப்போகவில்லை. இதே காரணத்துக்காக நான் திருப்பி அனுப்பியவர்களை வரிசையாக நிறுத்தினால் கோவளத்தில் இரண்டு வலை இழுக்கலாம்.

"சரியா இருக்கா மாமா?" என்றாள் நித்யா.

"சரியா இருக்கும்மா" என்று சொல்லி உறையை ஒட்டினேன்.