முப்பத்தைந்து மில்லி

குழந்தைகள் ஐசியுவில் டயட்டீஷியனாகச் சேர்ந்து எனக்கு அப்போது நான்காவது வருடம். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. எந்தக் குழந்தைக்கு எத்தனை கலோரி, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் டியூபில் மணிக்கு எத்தனை மில்லி பால் என்று எழுதுவது என் வேலை. என் கணக்கு தப்பாது என்று ஒரு நினைப்பு இருந்தது. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்காக, அந்த நினைப்பு போன நாளை எழுதுகிறேன்.

பரமத்தி வேலூர்ப் பக்கத்திலிருந்து யாழினியைக் கொண்டுவந்தார்கள். ஏழு வயது. எடை பதினொரு கிலோ. இரண்டு மாதமாக வயிற்றுவலி, வாந்தி. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. பல இடங்களில் காட்டிவிட்டு, காய்ச்சல் முற்றி நினைவு தடுமாறிய பிறகு எங்களிடம் வந்தார்கள். குடலில் டி.பி. அப்பா தங்கவேல் வெற்றிலைத் தோட்டம் வைத்திருப்பவர். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அந்த வளையம் தோள்வரை தடையில்லாமல் ஏறியது.

நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குச் சட்டென்று நிறைய உணவு கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ரத்தத்திலிருக்கும் பாஸ்பரஸ் திடீரென்று இறங்கிவிடும். மூச்சுவிடும் தசை சோரும், இதயம் தடுமாறும். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்போம். எனக்கு இது தெரியாததல்ல. முதல் நாள் மணிக்குப் பத்து மில்லி என்றுதான் எழுதினேன்.

தங்கவேல் பால் ஏற்றும் பம்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மேடம், பத்து மில்லி ஒரு வாய்கூட வராதுங்களே. எங்க ஊட்டுப் பூனைக்குட்டிக்கே இதைவிட ஊத்துவமுங்க."

"மெதுவாத்தாங்க ஏத்தணும்."

"புள்ள கண்ணத் தொறந்து பசிக்குதுங்குதுங்க. ரெண்டு மாசத்துல இன்னைக்குத்தானுங்க அந்த வார்த்தையக் கேக்குறோம்."

மறுநாள் காலை ரிப்போர்ட்டில் சோடியம், பொட்டாசியம் சரியாக இருந்தன. பாஸ்பரஸ் இருக்க வேண்டிய கட்டம் காலி. லேப்பில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. குழந்தையின் முகம் தெளிந்திருந்தது. அவள் அப்பா வாசலில் நின்றிருந்தார். முப்பத்தைந்து என்று எழுதினேன். ரவுண்ட்ஸ் அவசரத்தில் டியூட்டி டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதற்கடுத்த நாள் காலை பதினொரு மணிக்கு யாழினியின் மானிட்டர் அலறியது. நான் பக்கத்துப் பெட்டில் இருந்தேன். குழந்தை மேலோட்டமாக மூச்சுவிட்டாள்; கை துவண்டு கிடந்தது; இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடியது. சீஃப் டாக்டர் வந்து பார்த்தார்.

"இன்ஃபெக்ஷன் ஏறுது. ரத்தம் கல்ச்சருக்கு அனுப்புங்க, ஆன்டிபயாடிக் மாத்துங்க."

நர்ஸ் மருந்தெடுக்க ஓடினார். அந்தக் காலிக் கட்டம் என் கண்ணுக்குள் வந்து நின்றது. நான் பேசாமல் இருந்தால் இன்னும் சில மணி நேரம் யாரும் பால் அளவு எழுதிய ஃபீட் சார்ட்டைப் பார்க்கமாட்டார்கள். இன்ஃபெக்ஷனாகவே இருக்கட்டும் என்று மனது வேண்டியது. அரை நிமிடம் இருக்கும். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

"சார், ஃபீடா இருக்கலாம். நேத்து நான் முப்பத்தஞ்சுக்கு ஏத்திட்டேன். பாஸ்பரஸ் பார்க்கல."

அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "பம்ப்ப நிறுத்துங்க. பாஸ்பரஸ் அர்ஜென்ட். தயமின் ஊசி போடுங்க."

குழந்தையை வென்டிலேட்டரில் போட்டார்கள். ரிப்போர்ட் வந்தது. பாஸ்பரஸ் இருக்க வேண்டிய அளவில் கால்பங்குகூட இல்லை. ட்ரிப்பில் ஏற்றத் தொடங்கினார்கள்.

மதியம் பெற்றோரை உட்காரவைத்து, சீஃப் அருகில் இருக்க, நடந்ததை நானே சொன்னேன்.

தங்கவேலுக்கு முதலில் புரியவில்லை. "சோறு ஊட்டுனா புள்ளைக்கு ஆகாமப் போகுமுங்களா?" பிறகு முகம் மாறியது. "நாந்தானுங்களே ஊத்துங்க ஊத்துங்கன்னு நச்சரிச்சேன்."

"இல்லீங்க. நீங்க கேட்டீங்க, அவ்வளவுதான். எழுதினது நான்."

அம்மா சரோஜா என் பக்கம் திரும்பினார். "எம்புள்ள பொழச்சா நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். பொழைக்காட்டி உன்னய உடமாட்டேன்" என்றார்.

அடுத்த மூன்று நாளும் நான் குடியிருந்த கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவேன். ஐசியு கதவைத் திறந்ததும் அந்தப் பெட்டில் ஆள் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். மீண்டும் ஐந்து மில்லியில் தொடங்கினோம். ஒவ்வொரு மில்லி ஏற்றும் முன்பும் பாஸ்பரஸ் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நான்காம் நாள் வென்டிலேட்டரை எடுத்தார்கள். யாழினி அப்பாவைப் பார்த்து, சத்தம் வராத வாயால் ஏதோ கேட்டாள். தங்கவேல் சுவரில் சாய்ந்து அழுதார்.

ஒரு மாதம் கழித்து அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள். தங்கவேல் "வாரேனுங்க" என்றார். சரோஜா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாஸ்பரஸ் ரிப்போர்ட் கையில் இல்லாமல் ஃபீட் ஏற்றக் கூடாது என்று அதன்பின் யூனிட்டில் விதி வந்தது. விதியை நீங்கள் படித்துத் தெரிந்துகொள்வீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. உங்கள் கையால் ஒரு பிசகு நடந்திருக்கலாம் என்று பட்டால், உறுதியாகத் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குழந்தையின் பெட் பக்கத்தில் நின்றபடியே சொல்லிவிடுங்கள். பயம் போகாது. பயந்துகொண்டே சொல்லுங்கள்.