கார்டு வரும்வரை

வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கடைசி நாள் சாயங்காலம் ஒரு மெயில் போகும். லேப்டாப்பை ஒப்படையுங்கள், அடையாள அட்டையை ஒப்படையுங்கள், மருத்துவக் காப்பீடு இன்றோடு முடிகிறது. தி.நகர் அலுவலகம் ஒன்றின் சம்பளப் பிரிவில் பதினோரு வருஷம் அந்த மெயிலை அனுப்பிக்கொண்டிருந்தவள் நான்தான். பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றுவேன். மூன்றாவது வரியை யாரும் படிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரி வாசலிலிருந்து போன் செய்வார்கள். "மெயில்ல போட்டிருந்தேனே சார்" என்பேன். என் கடைசி நாளன்று எனக்கும் நானே அதை அனுப்பிக்கொண்டேன். வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், அலுப்பாகத்தான் இருந்தது.

புது வேலை அடையாறில். மந்தைவெளியில் இருக்கும் எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து ஒரே பஸ். அடுத்த நாளே சேரலாம் என்றார்கள். நான் சரி என்றேன், அம்மா கூடாது என்றாள்.

"ஆடி மாசத்துல எவளாவது புது வேலைக்குப் போவாளா? பதினோரு வருசம் இருந்த, பதினாறு நாள் சொம்மா இருக்க மாட்டியா? ஆவணி பொறக்கட்டும்."

அம்மா மயிலாப்பூரில் நாலு வீட்டில் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தவள். அப்பா போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாகிறது, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எதற்கும் அடம்பிடிக்க மாட்டாள். ஆடி மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுக்க முடியாத விஷயம். வாதாட எனக்குத் தெம்பு இல்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், எனக்குத் தூங்க வேண்டியிருந்தது. பதினோரு வருஷத் தூக்கம் பாக்கி இருந்தது. புது அலுவலகத்துக்குப் போன் செய்து தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொன்னபோது அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்துவிட்டார். "ஆடியா மேடம்? இந்த மாசம் பூரா எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க. ஆவணி ஒண்ணாந் தேதியே வாங்க."

பழைய அலுவலகத்தின் காப்பீட்டுக் கார்டின் மேல் அம்மாவுக்கு ஒரு பக்தி உண்டு. மூன்று வருஷம் முன்னால் அவளுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது அந்த கார்டைக் காட்டித்தான் வெளியே வந்தோம். அன்றிலிருந்து அதை லாமினேட் செய்து சாமி அலமாரியில் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை அதற்கும் ஒரு பொட்டு. நான் திட்டியும் பார்த்தேன், கேட்கவில்லை. வேலையை விட்ட அன்று வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன்.

"அந்த கார்டு இன்னியோட செல்லாதும்மா. புது கார்டு ஆவணியிலதான் வரும்."

"இன்னாடி சொல்ற? சுத்தமா செல்லாதா?"

"செல்லாது. அதனால இந்தப் பதினாறு நாளும் உடம்புக்கு எதையும் இழுத்து விட்டுக்காத, சொல்லிட்டேன். சுகர் மாத்திரைய ஒழுங்கா போடு."

விளையாட்டாகத்தான் சொன்னேன். சொன்ன கையோடு மறந்தும் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஆடி முழுக்க அம்மா செருப்புப் போட மாட்டாள். வெறுங்காலோடு விறகு அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, ஆளுயரத் துடுப்பால் கூழ் கிண்டினாள். எங்கள் தெருவில் அந்தத் துடுப்பைப் பிடிப்பதற்கே போட்டி நடக்கும். பதினைந்து வருஷமாக சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி கிடையாது. அடுப்பிலிருந்து தெறித்த கங்கு ஒன்றை மிதித்திருக்கிறாள், அதுகூடத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் கொப்புளத்தைப் பார்த்தாளாம். இதெல்லாம் பின்னால் நான் தோண்டித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

நான் அந்த வீட்டிலேயேதான் இருந்தேன். இதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. காலையில் ஒன்பது மணிக்கு எழுந்தேன், சாப்பிட்டேன், மத்தியானம் மறுபடி தூங்கினேன். அம்மா என் பழைய ஆபீஸ் சாக்ஸைப் போட்டுக்கொண்டு நடமாடினாள். "தரை ஜில்லுனு கீது" என்றாள். அந்த வாரம் இரண்டு நாள் மழை பெய்தது, நம்பிவிட்டேன். லேசாகக் காலை இழுத்து நடந்தாள், கேட்டால் "முட்டி வலி" என்றாள். காலையும் சாயங்காலமும் வீடு முழுக்க சாம்பிராணி போட்டாள். ஆடி மாசம், அம்மன் மாசம், பக்தி முற்றிப்போச்சு என்று கேலி செய்தேன். "போட்டா நல்லதுடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புகையை விசிறினாள். எதை மறைக்க அந்தப் புகை என்று தோன்றவே இல்லை. எங்கே தோன்றும், நான்தான் பாதித் தூக்கத்தில் இருந்தேனே.

ஆவணி பிறந்தது. நெற்றியில் விபூதி பூசி அனுப்பி வைத்தாள். முதல் நாளே படிவத்தில் அவள் பெயரைச் சேர்த்தேன். சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் கேட்டாள், "கார்டு வந்துச்சா?"

"இன்னிக்குத்தானேம்மா சேர்ந்திருக்கேன். நாலஞ்சு நாளாகும்."

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். எனக்கு எரிச்சலாக வந்தது. புது இடம், புது முகங்கள், எதற்கெடுத்தாலும் ஒரு பாஸ்வேர்டு. "வந்தா சொல்ல மாட்டேனா? உயிர வாங்காத" என்று கத்தினேன். சேர்ந்த நாளிலிருந்தே காப்பீடு உண்டு, கார்டு கையில் இல்லாவிட்டாலும் அலுவலகத்தில் சொன்னால் ஆஸ்பத்திரிக்கு நேராகப் பேசிவிடுவார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை பேருக்கு மெயிலில் விளக்கியிருக்கிறேன். அம்மாவுக்கு அதை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. பதினாறு நாள் போதாதென்று இன்னும் நாலு நாள் அவள் காத்திருந்தது என்னால்தான்.

நாலாம் நாள் பஸ்ஸில் வரும்போது போனில் கார்டு வந்தது. வீட்டுக்குள் நுழைந்தபடியே நீட்டினேன். "இந்தா, வந்துடுச்சு. உன் பேரு, வயசு எல்லாம் சரியா இருக்கா பாரு." கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டித் தன் பெயரை இரண்டு தரம் படித்தாள்.

"இது செல்லுமா?"

"செல்லும்மா."

"இன்னியிலேர்ந்தா?"

"ஆமா."

போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சாக்ஸைக் கழற்றினாள். உள்ளே மஞ்சள் பற்றுப் போட்டுச் சுற்றிய பழைய புடவைத் துணி. அதையும் மெதுவாகப் பிரித்தாள். "அப்போ இத்தக் கொஞ்சம் இன்னான்னு பாரு."

கட்டை விரலும் அதற்கடுத்த விரலும் கறுத்திருந்தன. நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். பணம் இருந்ததே, கேட்டிருந்தால் கட்டியிருப்பேனே, அப்படி என்ன கார்டு என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்து, தப்பு செய்யாதவளைத் திட்டினால் எப்படி என்கிற முகத்தோடு சொன்னாள்.

"நீதான சொன்ன, பதினாறு நாளு உடம்புக்கு ஒண்ணும் வரக் கூடாதுன்னு. நான்தான ஆடி முடியட்டும்னு உன்னிய நிறுத்தி வெச்சேன். நான் நிறுத்தி வெச்சிட்டு நானே போய் செலவு வெக்கறதா?"

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் என் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள். "நேத்துதான் ஆச்சுன்னு சொல்லு. ஆடியிலயே ஆச்சுன்னு சொன்னா கார்டுல எடுத்துக்க மாட்டான்."

டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளாம்மா இப்படி இருக்கு?" என்றார்.

"நேத்துதான் சார்" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே மேஜைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மூன்று வாரம் ஆகப்போகிறது என்றேன். எப்படி ஆனது, ஏன் மறைத்தாள் என்பதையும் சொன்னேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கம்பெனி பாலிசிதானே? பழைய வியாதி, புது வியாதின்னு பாக்க மாட்டாங்க. முதல் நாள்லேர்ந்தே கவர் ஆகும்" என்று சாதாரணமாகச் சொன்னாள். அதை நான் அவளுக்கே சொல்லிக்கொடுத்திருக்க முடியும். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பத்து நாள் முன்னால் வந்திருந்தால் இரண்டு விரலையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. இதை நிறையப் பார்த்தவர் போலக் களைத்த குரலில் சொன்னார்.

மறுநாள் காலை இரண்டு விரலையும் எடுத்தார்கள். மதியம் நான் மருந்து வாங்கிக்கொண்டு வார்டுக்குத் திரும்பியபோது அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப்போட்ட காலைத் தூக்கி வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாளிடம் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பைசா கட்டலயே. எல்லாம் எம் பொண்ணு ஆபீஸ் கார்டு. சேர்ந்து நாலு நாளுதான் ஆவுது, அதுக்குள்ள எவ்ளோ பெரிய ஆபரேசன் பண்ணிக் குடுத்துட்டாங்க பாரு."

இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பற்றி அவ்வளவு பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. ஓடிப்போய் அவள் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது.

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்னப் பெத்ததுக்கு உங்கம்மா குடுத்து வெச்சவங்க" என்றாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, மருந்துப் பையை நர்ஸிடம் கொடுக்கப் போனேன்.