கட்டாரில் இல்லாத காய்ச்சல்

பொதுச் சுகாதாரப் பரிசோதகன் வாசலில் நின்றால் சனங்கள் தண்ணீர்த் தொட்டியை மூடுவார்கள், கிணற்றடியைக் கூட்டுவார்கள். உண்மையை மட்டும் சொல்ல மாட்டார்கள். வெளிநாடு போய் வந்தவர்களைப் பார்க்கப் போய், பேரீச்சம்பழத்தோடு இருமலையும் வாங்கிவந்த வாசகர்களுக்கு என் பாடு விளங்கும்.

கைகொடுத்தது

சாய்ந்தமருதில் ஒரு ஹாஜியார் மக்காவில் உம்றா முடித்து வந்தார். இருமல் வீதிவரை கேட்டது. மூன்று நாளைக்கு ஆட்களைச் சேர்க்க வேண்டாம் என்று போய்ச் சொன்னேன். தலையாட்டினார். அடுத்த நாள் பார்த்தால் வரிசை கேற்றைத் தாண்டி நின்றது. அத்தனை பேருக்கும் கைபிடித்து முஸாபஹா, குடிக்க ஸம்ஸம் தண்ணீர். நான் தள்ளி நின்று முறைத்தேன். நான்காம் நாள் எனக்கும் இருமல் வந்ததற்கு, சபை நடுவே அவர் கேட்ட கேள்விதான் காரணம்:

“எல்லாரும் கை தந்திட்டாங்க. என்னில என்ன கோபம் சேர்?”

மாமி வீட்டில்

அடுத்த தெரு மாப்பிள்ளை நிஸாரின் காய்ச்சல் விளையாட்டல்ல. எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடுதான். கட்டாரில் ஆபீஸ் வேலை என்று சொல்லித்தான் கலியாணம் பேசியது. லீவில் ஊர் வந்து பத்து நாளில் படுத்துவிட்டார். டெங்கு என்று நினைத்து வளவில் தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் நுளம்புக் குடம்பி தேடினேன், கிடைக்கவில்லை. இரத்தத்திலும் டெங்கு இல்லையாம். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம், கண் மஞ்சள். இப்படியே விட்டால் ஆள் தப்பாது என்று எனக்குப் பயம் பிடித்தது.

எந்த நாட்டிலிருந்து வந்தார் என்று அவரைத்தான் கேட்டேன். கட்டிலருகே இருந்த அவருடைய மாமி, கட்டார் என்றா. அவர் மாமியைப் பார்த்துத் தலையாட்டினார். டாக்டர் கேட்டபோதும் இதேதான் நடந்ததாம். வெட்கத்தை விட்டு மாமியிடம் இஞ்சித் தேத்தண்ணி கேட்டேன். அவ குசினிக்குள் போனதும் நிஸார் என் கையைப் பிடித்தார்.

“மாமிக்குக் கேக்கப்படாது சேர். நான் போன மடகஸ்கார். மாணிக்கக் குழி வெட்டத்தான் போன.”

கடப்படியில்

தேத்தண்ணி ஆறுமுன் ஆளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினேன். கட்டாரிலும் இங்கேயும் இல்லாத, மடகஸ்காரில் உள்ள மலேரியாதான். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துவிட்டார். வீடு திரும்பியபின் பார்க்கப் போனேன். மருமகனின் ரகசியத்தைக் காப்பாற்றிய பெருமை எனக்கு. திரும்பும்போது மாமி வாசல் கடப்படிவரை கூடவே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னா:

“ஆபிரிக்கா எண்டு எனக்கு முதல்லயே தெரியும் மகன். பெட்டியில ஒட்டியிருந்த சீட்டைப் பேத்தி வாசிச்சுக் காட்டினா. மருமகன்ட மரியாதை போயிரும் எண்டுதான் நானும் டாக்டரிட்ட கட்டார் எண்டு சொன்னன்.”

மலேரியாவுக்கு எங்களிடம் மாத்திரை இருக்கிறது, மரியாதைக்குத்தான் இல்லை.