மனைவிக்கு முதலில் கிடைத்த மந்திரம்

அம்பாள் வழிபாடான ஸ்ரீவித்யையைக் கற்றுக்கொள்ளப் போனவன் நான். என் மனைவி துணைக்கு வந்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு யாரும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

எனக்கு ஆவடியில் ஒரு தொழிற்சாலையில், ஆய்வுப் பிரிவில் வேலை. வருகிற பாகத்தைக் கேஜ் வைத்து அளந்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவேன், இல்லாவிட்டால் சிவப்பு பெயின்ட் தடவித் தள்ளிவைப்பேன். இருபத்தாறு வருடம் இதையே செய்தவனுக்கு எதையும் அளக்காமல் விட மனம் வராது. ஐம்பது வயதை நெருங்கியபோது, கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வருவது மட்டும் போதவில்லை என்று தோன்றியது. தாந்திரிகம் என்றால் என்ன என்று ஃபோனில் பார்க்க ஆரம்பித்தேன். மண்டையோடு, எலுமிச்சம்பழம், கறுப்பு வேட்டி என்று வந்ததில் பாதி பயமுறுத்தியது, பாதி இழுத்தது. பக்கத்து மேசைக்காரர் முத்தாபுதுப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா மாமே, யாருக்கு வைக்கப் போற? நம்ம சூப்பர்வைசருக்குன்னா சொல்லு, தலைமுடி நான் எத்துகினு வரேன்."

திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, ஒரு முதல் மாடியில் ஓர் அம்மா தாந்திரிக வழியான ஸ்ரீவித்யையைச் சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹாலில் ஒரு வாஷிங் மெஷின். அதற்கு எதிரே மணைப் பலகையில் செம்புத் தகட்டில் வரைந்த ஸ்ரீசக்கரம். மண்டையோடு எதுவும் இல்லாதது எனக்குச் சற்று ஏமாற்றம்தான்.

"உடம்பைத் தள்ளிவச்சிட்டு சாமிகிட்ட போறது ஒரு வழி. உடம்பை வச்சே போறது எங்க வழி. அவ்வளவுதான் சார் தந்திரம்," என்றார் முதல் நாள். விரலால் நெற்றி, கண், தோள், மார்பு என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டு, ஒவ்வோர் எழுத்தாக அங்கே வைக்கச் சொல்லிக்கொடுத்தார். அதற்கு நியாசம் என்று பெயர். அம்பாள் வெளியிலிருந்து வருவதில்லையாம், தொட்ட இடத்தில் எழுந்துகொள்கிறாளாம். அதன் பிறகு சக்கரத்தின் வெளிக்கோட்டிலிருந்து ஒவ்வொரு சுற்றாக, நடுப்புள்ளிவரை குங்குமம் போட்டுக்கொண்டே உள்ளே போக வேண்டும். இதுவரை யாரும் கற்கலாம். மந்திரம் மட்டும் குருவின் வாயிலிருந்து காதுக்கு வர வேண்டும். கேட்டவர் அதை யாரிடமும், கட்டிக்கொண்டவரிடம்கூட, சொல்லக் கூடாது.

நான் நோட்டு வைத்து எழுதினேன். எத்தனை எழுத்து, எத்தனை லட்சம் ஜபம், எத்தனை மாதத்தில் என்ன தெரிய வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். என் மனைவி எதையும் கேட்கவில்லை. சொன்னதைச் செய்துவிட்டு, திரும்பும் வழியில் கீரை வாங்கினாள்.

மூன்றாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் வாஷிங் மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் கழித்து அவள் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. எனக்கு எப்போது என்று கேட்டேன். "நீங்க இன்னும் கொஞ்ச நாள் அம்பாளோட ஆயிரம் நாமம் படிங்க சார்," என்றார் அம்மா.

படியிறங்கும்போது எனக்குப் பொறாமை. அதை வேறு சொல்லால் மழுப்ப விரும்பவில்லை. ஆயிரம் நாமத்தில் பத்தை ஒழுங்காகச் சொல்ல வராதவள். சீரியல் விளம்பர இடைவேளையில் குங்குமப் பொட்டலம் மடித்தவள். அவளுக்குக் கிடைத்துவிட்டது, எனக்கு இல்லை.

அன்றிலிருந்து காலை ஐந்தரைக்கு அவள் சின்ன அறையில் ஜபத்துக்கு உட்கார்ந்தாள். கதவு ஒருக்களித்திருக்கும். நான் பார்ப்பேன். இருபத்துநான்கு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. மகள் பிறந்த அன்றும் பார்த்ததில்லை, இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்றும் பார்த்ததில்லை. எதுவும் வேண்டாம், யாரும் வேண்டாம் என்பது போன்ற ஒரு முகம். அதற்கு நான் காரணம் இல்லை என்பதுதான் தாங்கவில்லை. வேறு ஒருவனோடு சிரித்துப் பேசிவிட்டு வந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அம்பாளோடு என்ன சண்டை போடுவது? சமையலறைக்குப் போய், தேவையே இல்லாமல் மிக்ஸியை ஓட விட்டேன். அவள் முடித்துவிட்டு வந்து, "சட்னி அரைச்சிட்டீங்களா, நல்லதாப் போச்சு," என்றாள்.

பிறகு நான் ஒரு திருட்டு வேலை செய்தேன். ஃபோனில் இப்போது எல்லாமே கிடக்கிறது. ஸ்ரீவித்யையின் பதினைந்து எழுத்து மந்திரத்தை எடுத்து, எழுதி, மனப்பாடம் செய்தேன். எட்டு மாதம் வேலைக்குப் போகிற பேருந்தில், சட்டைப் பைக்குள் ஜபமாலை மணியை உருட்டிக்கொண்டு ஜபித்தேன். அவ்வப்போது ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொள்வேன். ஆவடிப் பக்கம் வேலைக்குப் போகிற எல்லாருக்கும் உள்ள அதே முகம்தான் தெரிந்தது.

போன வருடம் அம்மா மகனோடு இருக்கப் புனேவுக்குக் கிளம்பினார். போவதற்கு முன் என் மனைவிக்குக் கலச நீர் ஊற்றி, பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் உரிமையையும் தந்துவிட்டார். நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், எனக்கும் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று.

"உங்களுக்குக் குடுக்க வேண்டியவங்க உங்க வீட்டுலயே இருக்காங்களே."

"பொண்டாட்டிகிட்டயா?"

"எங்க வழியில அதுக்குத் தடை இல்லை. ஆனா தட்டுல பழம் வச்சு, விழுந்து கும்பிட்டு, நீங்கதான் கேக்கணும். அவங்களா வந்து குடுக்க மாட்டாங்க."

நான்கு மாதம் கேட்கவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால்கூட எனக்கு வசதியாக இருந்திருக்கும். அப்போதுதான், நசரத்பேட்டையிலிருந்து எதிர் ஃபிளாட்டுக்குக் குடிவந்த பெண் ஒருநாள் பழத்தட்டோடு வந்து நின்றாள். உள்ளே போனாள், கண் சிவந்து வெளியே வந்தாள். இனியும் காத்திருந்தால் தெருவே எனக்கு முன்னால் வரிசையில் நின்றுவிடும் என்று புரிந்தது. பக்தி என்னை என் மனைவி முன்னால் கொண்டுபோய் நிறுத்தவில்லை. இந்தக் கணக்குதான் நிறுத்தியது.

அடுத்த வெள்ளிக்கிழமை குளித்து, பழத்தட்டை வைத்து, விழுந்து கும்பிட்டேன். அவள் மெட்டியை அத்தனை பக்கத்தில், கல்யாணத்தன்று அம்மியில் அவள் கால் வைத்தபோது பார்த்ததுதான். எழுந்து உட்கார்ந்ததும் எங்கள் இருவர் தலை மேலும் பட்டுத் துண்டைப் போட்டாள். உள்ளே தேங்காய் எண்ணெய் வாசனை.

"முன்னாடியே மந்திரம் சொல்லிக்கிட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை."

வெளியே யாரோ தண்ணி லாரிக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எட்டு மாசம் சொன்னேன். பஸ்ல."

"தெரியும். உங்க உதடு அசையும், டிவி பாக்கும்போதுகூட. அதை விட்டுடுங்க. இன்னிக்குப் புதுசா கேளுங்க."

காதருகே குனிந்து சொன்னாள். மூன்றே எழுத்து. பதினைந்துக்குக் காத்திருந்த காது, மீதிக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"அவ்வளவுதானா?"

"எனக்கும் இதுலேர்ந்துதான் ஆரம்பிச்சாங்க. மத்தது அப்புறம் பாக்கலாம்."

துண்டை எடுத்த பிறகு இன்னொன்றும் சொன்னாள். மந்திரத்துக்கு முன்னால் தினமும் குருவின் பெயரைச் சொல்லி வணங்க வேண்டும். அம்மாவின் பெயரைத்தானே என்று கேட்டேன். "அவங்க உங்களுக்குக் குருவுக்குக் குரு. ரெண்டாவது சொல்லணும்," என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், தட்டிலிருந்த பழத்தை நேராக வைத்துக்கொண்டே, "முதல்ல என் பேரு," என்றாள்.

இப்போது ஒரே அறையில் இரண்டு பாய் போட்டு உட்காருகிறோம். தினமும் அவள் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறேன். சில நாள் அதற்குப் பிறகு அந்த மூன்றெழுத்தும் நன்றாகவே ஓடுகின்றன, எங்கோ கொஞ்சம் உள்ளே போய்விட்டு வந்தது போலவும் இருக்கிறது. ஆனால் பழைய எரிச்சல் போகவில்லை. போன வாரம் பாயைச் சுருட்டும்போது கேட்டேவிட்டேன்.

"என் குரு வரிசையில முதல்ல நீ. உன் வரிசையில நான் எங்க?"

அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை மனதுக்குள் எல்லாப் பெயரையும் சொல்லிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன், விரல் மடங்கி மடங்கி விரிந்தது.

"நீங்க அதுல இல்லைங்க," என்றாள்.