இலை கொட்டிய கறிவேப்பிலை

அப்பா ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை? இன்றுவரை தெரியாது.

கனடாவின் மார்க்கம் நகரில் எங்கள் தோட்டத்துண்டின் கண்ணாடிக் குடிலை வசந்தத்துக்காக பிளீச் போட்டுக் கழுவினேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எட்டு வயதில் வந்த ஆத்திரம் திரும்பி வந்தது. அன்று அப்பாவும் இதே குடிலைக் கழுவினார். ஹீற்றருக்குப் பக்கத்தில் நான் விதை போட்டு வளர்த்த கறிவேப்பிலை, குளிரில் இலை கொட்டி நின்றது. பிடுங்கிக் குப்பைப் பையில் திணித்தார்.

"அது என்ரை, அப்பா!"

"செத்ததுக்கு ஏன் அழுறாய்? கையைக் கழுவிப்போட்டு வா, சாப்பிடுவம்."

பையிலிருந்து இழுத்துத் தண்டை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பச்சை, உயிர் இருந்தது. அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இன்று மகளின் கன்றும் மொட்டையாக நிற்கிறது. தண்டெல்லாம் பூச்சி, மற்றக் கன்றுகளுக்கும் தொற்றும். அவளைக் கேட்காமலே பையை விரித்துவிட்டேன். என்மேல் வந்த கோபத்தில் பையைக் கிழித்தேன். சுரண்டினால், பச்சை.

இதை எறியாமல் பூச்சியைப் போக்க வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அதுவரை கன்று எங்கள் குளியலறையில் இருக்கும்.