இருட்டு இன்ஜினியர்

நகராட்சியின் தெருவிளக்குப் பிரிவு இன்ஜினியருக்கு உலகத்தில் பிடிக்காத ஒரே பொருள் தெருவிளக்கு.

நாற்பது தாண்டியபின் வானத்தைப் படம் பிடிக்கும் கிறுக்கு அவரைத் தொற்றிக்கொண்டது. மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, அதன் பின்னால் கேமராவை மாட்டி, ஒரே நெபுலாவை மணிக்கணக்காகப் படமெடுப்பார். படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், கண்ணுக்குத் தெரியாத வாயு மேகம் மெல்லத் துலங்க வேண்டும். இவருக்குத் துலங்கியது தெருவிளக்குதான். நெபுலாவுக்கு மஞ்சள் காமாலை கண்டிருந்தது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் பழைய எண்ணெயில் மிதப்பது போலிருந்தது.

வானியல் சங்கத்துச் செயலாளரான பல் டாக்டர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, நாசூக்காக "ஒளி மாசு" என்றார். இன்ஜினியர் பூரித்துப் போனார். தப்பு தன்னுடையதல்ல, குற்றவாளியோ தன் கைக்கு அடக்கம்.

மறுவாரமே அவர் வீட்டுத் தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. புகார் சொல்ல வந்தவர்களிடம் உதிரி பாகம் வரவில்லை என்றார். மறுபடி வந்தவர்களிடம் மின்சாரச் சிக்கனம் என்றார். விடாமல் வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியையிடம், "வெளிச்சத்துல பறவைங்க தூக்கம் கெடுதுங்கம்மா" என்றார். அந்த அம்மாள் பக்கத்து மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். ஆபீசில் 'இருட்டு இன்ஜினியர்' என்று முதுகுக்குப் பின்னால் பெயர் வைத்தார்கள். அது காதுக்கு எட்டியபோது, ஏதோ விருது கிடைத்தாற்போல அவர் உள்ளூர மகிழ்ந்தார்.

குடிநீர்க் குழாய்க்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்த வாரம் அது. தங்கையைப் பார்க்கப் பொழுது சாய்ந்ததும் கிளம்பி வந்த மனைவியின் அண்ணன், மோட்டார் பைக்கோடு பள்ளத்தில் விழுந்தார். பைக்கின் முகப்பு விளக்கு வானத்தைப் பார்த்து எரிந்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த இன்ஜினியர், "யாருங்க அது? அந்த லைட்டைக் கொஞ்சம் அணைங்க" என்றார்.

"நான்தான் மாப்பிள்ளை" என்று பள்ளத்திலிருந்து குரல் வந்தது.

கால் எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி கூச்சல் போடவில்லை. தெருவில் விளக்கு எரியாததற்கு யார் காரணம் என்று மட்டும் கேட்டாள். அவர் உதிரி பாகத்தில் ஆரம்பித்து, சிக்கனத்துக்கு வந்து, தொண்டையைச் செருமினார்.

"அடுத்தது பறவையா?" என்றாள். "நாளைக்கு லைட் எரியலைன்னா நான் உங்க கமிஷனரைப் போய்ப் பார்ப்பேன்."

மறுநாள் இருட்டும் முன்பே எல்லா விளக்குகளும் எரிந்தன. உதிரி பாகம் எங்கிருந்து குதித்தது என்று யாரும் கேட்கவில்லை. இன்ஜினியர் பெட்டிப் பாம்பாய் அடங்கி, பல் டாக்டரிடம் போய்த் தன் கலை செத்துவிட்டதாகப் புலம்பினார்.

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் வீடே பஸ் நிலையத்துக்கு எதிரில்தான். "நெபுலாவோட சிவப்பை மட்டும் உள்ளே விடற ஃபில்டர் இருக்கே. அதை மாட்டினா எந்த லைட் எரிஞ்சா நமக்கென்ன?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, டாக்டர்?"

"லைட் டிபார்ட்மென்ட்டுல இருக்கீங்க, தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

ஃபில்டர் வந்தது. தெருவிளக்குகள் எரிய எரிய எடுத்த படத்தில் நெபுலா செக்கச்செவேலென்று விரிந்தது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அதற்கே முதல் பரிசு. பரிசு வாங்கிய கையோடு இன்ஜினியர் மைக்கைப் பிடித்தார். தெருவிளக்கின்மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் சோம்பேறிகளுக்கு வானத்தை அண்ணாந்து பார்க்கவே அருகதை கிடையாது என்று வெளுத்து வாங்கினார். கூட்டம் கைதட்டியது.

முன்வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த அண்ணன் தங்கையின் பக்கம் சாய்ந்தார். "மாப்பிள்ளை யாரைம்மா திட்டுறார்?"

"யாரோ நமக்குத் தெரிஞ்சவங்கதான் அண்ணா" என்று சொல்லிவிட்டு அவளும் கைதட்டினாள்.